தரிசுத் தடத்துக் கப்பல்

என் அக்கா மகன் போன மாதம் மனைவியோடு வீட்டுக்கு வந்திருந்தான். கல்யாணமாகி எட்டு மாதம். "மாமா, கிரீஸ் போலாம்னு இருக்கோம். கூட்டம் இல்லாத சின்னத் தீவா ஒண்ணு சொல்லுங்களேன்" என்றான். தூத்துக்குடியில் இதே கேள்வியோடு என்னைத் தேடி வந்தவர்களில் இவன் ஐந்தாவது ஆள். நான் கிரேக்க முதலாளிகளின் சரக்குக் கப்பல்களில் பதினோரு வருடம் இஞ்சினியராக இருந்தவன். ஓய்வுபெற்ற பிறகு மனைவியோடு மூன்று முறை அனாஃபித் தீவுக்குப் போய் வந்தவன். வாயால் சொன்னால் பாதி விட்டுப்போகிறது, மீதியை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். அதனால் எழுதி வைக்கிறேன். அனாஃபியை முன்னால் வைத்துத்தான் சொல்கிறேன். சிக்கினோஸ், இராக்லியா, தோனூசா என்று வேறு எந்தச் சின்னத் தீவுக்குப் போனாலும் முக்கால்வாசி பொருந்தும்.

1. தீவின் படத்தைப் பார்க்காதீர்கள், கப்பல் அட்டவணையைப் பாருங்கள். படத்தில் எல்லாத் தீவும் ஒன்றுதான்: வெள்ளைச் சுவர், நீலக் கதவு, காகிதப் பூ. சாண்டோரினியில் குடியிருப்பவர்கள் ஏறக்குறைய 15,000 பேர். அங்கே வருடத்துக்கு 30 லட்சம் பேருக்கு மேல் போகிறார்கள். அங்கிருந்து கிழக்கே கப்பலில் சுமார் ஒன்றரை மணி நேரம் போனால் அனாஃபி. அங்கே குடியிருப்பவர்கள் 300 பேர் தேறமாட்டார்கள். அழகில் குறைச்சல் இல்லை. விமான நிலையம் கிடையாது, கப்பல் வாரத்தில் சில நாள்தான் வரும், அவ்வளவுதான் காரணம். இப்படி லாபம் தராத கடல் வழியைக் கிரேக்கர்கள் 'ஆகொனி கிரம்மி' என்பார்கள். நம் பேச்சில் சொன்னால் தரிசுத் தடம். டிக்கெட் காசில் கட்டுப்படியாகாத அந்தத் தடத்தில் கப்பல் ஓட அரசாங்கம் மானியம் கொடுக்கிறது. மாவு மூட்டை, கேஸ் சிலிண்டர், மருந்து, காய்கறி, பள்ளிக்கூட வாத்தியார் எல்லாம் அதில்தான் போயாக வேண்டும். நீங்கள் ஏறப்போவது ஊர்க்காரர்களுக்காக ஓடுகிற கப்பல். உங்களுக்காக ஓடுவதல்ல. இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் நான் கீழே எழுதுவதில் பாதியை நீங்களே ஊகித்துவிடுவீர்கள்.

2. காற்றைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நம் கடற்கரையில் வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றுக்குத் திசைவாரியாகப் பெயர் வைத்திருக்கிறோம். ஈஜியன் கடலில் கோடையில் ஆள்வது வாடைதான், அதாவது வடக்கிலிருந்து வருவது. பெயர் மெல்டெமி. ஜூலை, ஆகஸ்டில் உச்சம். மழை மேகம் எதையும் கொண்டுவராது. வானம் கண்ணாடி போல் இருக்கும், கடல் மட்டும் வெள்ளை வெள்ளையாக நுரைத்துக்கொண்டிருக்கும். புதிதாக வருகிறவர் வானத்தைப் பார்த்து ஏமாந்துபோவார்.

இந்தக் காற்றுக்கும் நமக்கும் ஒரு சொந்தம் உண்டு. கோடையில் நம் துணைக்கண்டத்தின் மேல் உருவாகிற பெரிய தாழ்வழுத்தம்தான் தென்மேற்குப் பருவக்காற்றை இழுத்து வருகிறது. அதன் நீட்சி மேற்கே துருக்கி வரை போகிறது. அந்தப் பக்கம் பால்கன் நாடுகளின் மேல் அழுத்தம் கூடுதல். இரண்டுக்கும் இடையில் காற்று ஈஜியனில் தெற்கு நோக்கிப் பாய்கிறது. குற்றாலத்தில் சாரல் விழும் நாட்களில் அனாஃபியில் ஜன்னல் அடித்துக்கொள்கிறது என்றால் சும்மா ஒப்பீட்டுக்குச் சொல்வதல்ல.

காற்றின் வேகத்தை அங்கே எல்லாரும், பெட்டிக்கடைக்காரர்கூட, போஃபோர் கணக்கில்தான் பேசுவார்கள். ஆறு என்றால் தோளைக் குலுக்குவார்கள். எட்டு என்றால், மணிக்கு 62 கிலோமீட்டருக்கு மேல், பெரும்பாலும் பெரிய கப்பலையும் துறைமுக அதிகாரிகள் நிறுத்திவிடுவார்கள். விரைவுப் படகுகள் அதற்கு முன்பே நின்றுவிடும். இந்தத் தடைக்கு 'அபகொரெஃப்திக்கோ' என்று பெயர். நாக்கு சுளுக்கினாலும் இந்த ஒரு சொல்லைக் கற்றுக்கொள்ளுங்கள். உங்கள் காதில் விழுந்தே தீரும்.

எங்கள் இரண்டாவது பயணத்தில் விழுந்தது. கப்பல் புதன்கிழமை, ஏதென்ஸிலிருந்து விமானம் வியாழக்கிழமை இரவு. "ஒரு நாள் முழுசாக இருக்கிறதே" என்று நான் தைரியமாக இருந்தேன். முப்பது வருடம் கடலில் இருந்தவனுக்கு இந்தப் புத்தி. கப்பல் வெள்ளிக்கிழமை மாலைதான் வந்தது. கப்பல் நின்றால் டிக்கெட் காசு திரும்பக் கிடைக்கும், அல்லது அடுத்த கப்பலில் ஏற்றுவார்கள். தவறிப்போன விமானத்துக்கு யாரும் பொறுப்பல்ல. என் மனைவி அந்த இரண்டு நாளும் என்னோடு வானிலை பற்றிப் பேசவே இல்லை. ஆகவே, திரும்பும் விமானத்துக்கு முன்னால் குறைந்தது இரண்டு நாள் ஏதென்ஸில் இருக்கும்படி திட்டமிடுங்கள். தீவுக்குப் போகிறபோது தாமதமானால் ஒரு நாள்தான் நஷ்டம்; வருகிறபோது தாமதமானால் மாதச் சம்பளம் போய்விடும்.

3. மே கடைசி, ஜூன், செப்டம்பர். இவைதான் உங்களுக்கு. ஆகஸ்ட் 15 மரியன்னைத் திருநாள். ஏதென்ஸில் இருக்கும் தீவுக்காரர்கள் எல்லாரும் சொந்த ஊருக்குத் திரும்புகிற வாரம். தீபாவளிக்கு நம் ரயிலில் இடம் கிடைக்கிற மாதிரிதான் அங்கே கப்பலில் இடமும் அறையும். குளிர்காலத்தில் தங்கும் வீடுகளும் சாப்பாட்டுக் கடைகளும் பெரும்பாலும் மூடியிருக்கும். கடல் தண்ணீர் மே மாதத்தில் நமக்குக் குளிரும், செப்டம்பரில் இதமாக இருக்கும். நான் செப்டம்பர் கட்சி. காரணத்தைக் கலாமோஸ் மலையைப் பற்றிச் சொல்லும்போது சொல்கிறேன்.

4. விசா ஷெங்கன். பயண நாளுக்கு ஆறு மாதம் முன்னதாகவே விண்ணப்பிக்கலாம். கடைசி பதினைந்து நாள் வரை இழுக்காதீர்கள். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். நாள் கேட்கும்போது மேலே சொன்ன இரண்டு நாளையும் சேர்த்தே கேளுங்கள். காற்று நிறுத்தி வைத்த நாளை விசா அறியாது.

5. ஏதென்ஸில் நீங்கள் கப்பல் ஏறும் பிரேயஸ் துறைமுகம் பெரியது. எந்த வாசலில் உங்கள் கப்பல் என்று டிக்கெட்டிலேயே பார்த்துவிடுங்கள். ஒரு வாசலிலிருந்து இன்னொரு வாசலுக்குப் பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடுவது பெரிய தண்டனை. அனாஃபி வரை போகும் கப்பல் வழியில் பல தீவுகளில் நின்று போகும், பத்து மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். மேல்தளத்தில் காற்று மறைவான பக்கம் பார்த்து உட்காருங்கள். அதைக் கண்டுபிடிக்க இஞ்சினியராக இருக்க வேண்டாம்; வயதான கிரேக்கப் பெண்மணிகள் எந்தப் பக்கம் பையை வைக்கிறார்கள் என்று பார்த்தால் போதும்.

இறங்குவதில்தான் புதியவர்கள் தடுமாறுவார்கள். சின்னத் தீவில் கப்பல் சில நிமிடம்தான் நிற்கும். பின்பக்கமாக வந்து, பெரிய இரும்புப் பலகையைத் துறையின் மேல் இறக்கி, லாரியையும் மனிதர்களையும் ஒரே நேரத்தில் வெளியே விட்டு, பலகையைத் தூக்கிக்கொண்டு போய்விடும். அறிவிப்பு வந்ததும் அடித்தளத்துக்கு, வண்டிகள் நிற்கும் இடத்துக்கு, இறங்கிவிடுங்கள். அங்கே புகை, சத்தம், சங்கிலி எல்லாம் இருக்கும், பயப்படாதீர்கள். பலகை கீழே இறங்குகிறபோது இருட்டுக்குள் மெதுவாக வெயில் நுழைந்து, முதலில் கரையில் நிற்பவர்களின் கால்கள் தெரியும், பிறகு முகங்கள். கப்பல் வரும்போது ஊரில் நடக்க முடிந்தவர்களில் பாதிப் பேர் துறையில் நிற்பார்கள். ஒருவர் மருந்துக்கு, ஒருவர் மகளுக்கு, ஒருவர் சும்மா வேடிக்கைக்கு. நீங்கள் நின்று போட்டோ எடுத்தால் பின்னால் வரும் லாரி நிற்க வேண்டியிருக்கும். இறங்கி, ஓரமாக ஒதுங்கி, பிறகு பாருங்கள்.

6. சக்கரப் பெட்டி வேண்டாம். துறைமுகமான ஆயியோஸ் நிக்கோலாஸ் கடல் மட்டத்தில். ஊர், அதாவது ஹோரா, ஏறக்குறைய 260 மீட்டர் உயரத்தில். பேருந்து உங்களை ஊர் வாசல் வரை ஏற்றிவிடும். அதற்கு மேல் படிகள்தான். தோளில் மாட்டும் பையாக இருக்கட்டும். அதில் ஒரு டார்ச், நல்ல பிடிமானமுள்ள செருப்பு, கொஞ்சம் ரொக்கம். கார்டு எல்லா இடத்திலும் வாங்குவார்கள், மின்சாரம் இருக்கும்வரை. அப்புறம் ஒரு பிளாஸ்டிக் குவளை. ஏன் என்று கேட்காதீர்கள், கழிப்பறைக்குப் போகும்போது புரியும்.

7. அதைச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். கழிப்பறைக் காகிதத்தை உள்ளே போடக்கூடாது, பக்கத்தில் உள்ள கூடையில்தான் போட வேண்டும். குழாய்கள் குறுகலானவை, அடைத்துக்கொள்ளும். தண்ணீரோ அருமை. ஆறு கிடையாது, மழை குளிர்காலத்தில் கொஞ்சம். ராமநாதபுரத்துப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அங்கே எப்படிக் குளிப்பீர்களோ அப்படிக் குளியுங்கள். குடிக்க எந்தத் தண்ணீர் என்று வீட்டுக்காரரையே கேளுங்கள்.

8. மதியம் மூன்று மணி முதல் ஐந்தரை வரை கோடையில் சட்டப்படியே அமைதி நேரம். இரவு பதினொன்று முதல் காலை ஏழு வரையும். கதவு தட்டாதீர்கள், மாடியில் பெட்டியை இழுக்காதீர்கள், வீடியோ காலில் ஊரோடு பேசாதீர்கள். அந்தச் சந்துகளில் ஒரு வீட்டுப் பேச்சு நாலு வீட்டில் கேட்கும். நம்மவர்கள் போனில் பேசும் சத்தத்தைப் பற்றி நான் தனியாகச் சொல்லத் தேவையில்லை. நீங்களும் தூங்குங்கள்.

9. சாப்பாடு. "மாமா, அங்க மீனும் ஆடும்தானே, சைவக்காரங்க என்ன பண்றது" என்பார்கள். கவலையே வேண்டாம். கிரேக்க ஆர்த்தடாக்ஸ் திருச்சபையில் விரத நாட்கள் வருடத்தில் பாதியைத் தொடும். புதனும் வெள்ளியும் விரதம், ஈஸ்டருக்கு முன் பெரிய விரதம், ஆகஸ்ட் முதல் பதினான்கு நாள் விரதம். அந்த நாட்களில் இறைச்சி, முட்டை, பால், வெண்ணெய் எதுவும் கிடையாது. அதனால் விரதச் சமையல் என்று ஒரு தனிக் கலையே வளர்ந்திருக்கிறது. 'நிஸ்தீசிமோ' என்று கேளுங்கள். விரதச் சாப்பாடு என்று பொருள். ஆனால் ஒரு எச்சரிக்கை: கணவாய், ஆக்டோபஸ், இறால் இவற்றுக்கு ரத்தம் இல்லை என்று அவர்கள் விரதத்திலும் சாப்பிடுவார்கள். எங்கள் முதல் பயணத்தில் ஒரு வெள்ளிக்கிழமை "நிஸ்தீசிமோ" என்று நான் பெருமையாகச் சொல்ல, என் மனைவியின் முன்னால் எட்டுக் கையோடு வந்து உட்கார்ந்தது அது. அவள் வெள்ளி, செவ்வாய் கவுச்சி தொடாதவள்.

ஆகவே 'லதேரா' என்று கேளுங்கள். ஆலிவ் எண்ணெயில் மெதுவாக வேகவைத்த காய்கறி. பீன்ஸ் என்றால் ஃபசொலாக்கியா, பல காய் கலந்தது பிரியாம். கொண்டைக்கடலை ரெவீதியா. காட்டுக் கீரையை வேகவைத்து எலுமிச்சை பிழிந்தது ஹோர்த்தா. எல்லாவற்றுக்கும் மேலாக ஃபாவா: மஞ்சள் பருப்பை மசித்து, எண்ணெய் ஊற்றி, மேலே வெங்காயமும் கேப்பர் மொட்டும் போட்டது. பருப்புச் சாதத்திலிருந்து சாதத்தை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சுமோ அதற்கு மிக நெருக்கம். மூன்றாம் நாள் ஊறுகாய் நினைப்பு வரும். கேப்பர் அதைப் பாதி தீர்க்கும், மீதிக்கு ஒரு சின்னப் பொட்டலம் எடுத்துப் போங்கள்.

மெனுவில் உள்ளதெல்லாம் அன்று இருக்காது. கப்பல் வந்து மூன்று நாளாகிவிட்டால் தக்காளிகூட எண்ணிக்கையில்தான். "இன்றைக்கு என்ன இருக்கிறது" என்று கேளுங்கள். கேட்டால் சமையலறைக்குள்ளேயே கூட்டிப்போய்ப் பானையைத் திறந்து காட்டும் கடைகள் இன்னும் உண்டு.

10. 'நே' என்றால் ஆம். 'ஓஹி' என்றால் இல்லை. ஆங்கிலப் பழக்கத்தில் நே என்பதை மறுப்பாக எடுத்துக்கொண்டு, கொடுக்க வந்த காபியை வேண்டாம் என்கிறார் போல என்று எழுந்து போனவர்களை நான் அறிவேன். இல்லை என்பதற்கு வாயைத் திறக்கக்கூட மாட்டார்கள். தலையை லேசாகப் பின்னுக்குச் சாய்த்து, புருவத்தைத் தூக்கி, நாக்கில் ஒரு 'த்ஸ்'. நம் ஊர் 'ப்ச்' மாதிரி. ஆனால் அதில் சலிப்பு இல்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். காலையில் 'கலிமேரா', மாலையில் 'கலிஸ்பேரா', நன்றிக்கு 'எஃப்ஹாரிஸ்தோ'. எதிரே வருகிறவர்களுக்கு வணக்கம் சொல்ல வேண்டியது தெருவில் நுழைகிற ஆள். அதாவது நீங்கள்.

11. காபிக்கடையில், கஃபெனியோவில், ஒரு நாளைக்கு ஒரு மணி நேரமாவது உட்காருங்கள். சர்க்கரை நடுத்தரமாக வேண்டுமானால் 'மெத்ரியோ'. சின்னக் கோப்பையில் வரும், அடியில் தூள் மண்டியிருக்கும். கலக்காதீர்கள், கடைசி வாயைக் குடிக்காதீர்கள். கூடவே ஒரு தம்ளர் தண்ணீர். ஒரு காபிக்கு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் யாரும் பில்லை நீட்ட மாட்டார்கள். நீங்களாகக் கேட்டால்தான் தருவார்கள். அங்கேதான் கப்பல் வருமா, காற்று எத்தனை, யார் வீட்டில் சாவு என்கிற செய்தியெல்லாம் வந்து சேரும். கிரேக்கத்தில் 'க்ஸேனோஸ்' என்ற ஒரே சொல்லுக்கு அந்நியன் என்றும் விருந்தாளி என்றும் பொருள். முதல் நாள் நான் முதல் பொருளில்தான் இருந்தேன். நாலாம் நாள் ஒரு கிழவர் காற்று எத்தனை போஃபோர் என்று என்னிடம் கேட்டார், அவருக்கே தெரியாதது போல.

12. அனாஃபிக்குப் போய்க் கலாமோஸ் ஏறாமல் வந்தேன் என்று என்னிடம் சொல்லாதீர்கள். தீவின் கிழக்கு மூலையில் கடலிலிருந்து நேராக எழுந்து நிற்கிற ஒற்றைப் பாறை, ஏறக்குறைய 450 மீட்டர். உச்சியில் கலாமியோத்திசா மாதாவின் வெள்ளைக் கோயில். அடிவாரத்தில் இன்னொரு மடம். அது பழைய அப்போலோ கோயில் இருந்த இடத்தில் நிற்கிறது. சுவரை உற்றுப் பாருங்கள், பழைய கோயிலின் பெரிய கற்கள் அப்படியே இருக்கின்றன. கடவுள் மாறினார், கல் மாறவில்லை.

அந்த அப்போலோ இங்கே எப்படி வந்தார் என்பதற்கு ஒரு கதை உண்டு. தங்க ஆட்டுத்தோலை எடுத்துக்கொண்டு ஊர் திரும்பிய கிரேக்கப் புராண வீரன் யாசோனின் கப்பல் நடுக்கடலில் நிலவும் நட்சத்திரமும் இல்லாத காரிருளில் மாட்டிக்கொண்டது. யாசோன் கதறி வேண்ட, அப்போலோ தன் பொன் வில்லை உயர்த்தினார். அந்த ஒளியில் ஒரு சின்னத் தீவு தெரிந்தது. தெரிய வைத்ததால் அனாஃபி என்று பெயர். பூசைக்கு அவர்களிடம் ஒன்றும் இல்லை, தண்ணீரைத்தான் எரியும் கட்டைகள் மேல் ஊற்றினார்கள். யாசோனின் மனைவி மெதேயாவோடு வந்த பெண்கள் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டார்கள், ஆண்கள் பதிலுக்குக் கேலி பேசினார்கள். அப்போதிருந்து அந்தத் தீவின் பூசையில் ஆணும் பெண்ணும் ஒருவரையொருவர் கேலி செய்வது ஒரு சடங்காகவே ஆனது என்று கி.மு. 3ஆம் நூற்றாண்டுக் கவிஞர் அப்போலோனியோஸ் எழுதிவைத்திருக்கிறார். இரவுக் கப்பலில் போய் விடியலில் அந்தப் பாறை முதலில் கண்ணில் படும்போது, இந்தக் கதையைக் கட்டியவன் ஒரு மாலுமி என்று எனக்குத் தோன்றும்.

ஏறுகிறவர்கள் விடியற்காலையில் கிளம்புங்கள். அடிவார மடத்திலிருந்து ஒரு மணி நேரம், மூச்சு வாங்குகிறவர்களுக்கு ஒன்றரை. வழியில் நிழலும் இல்லை, தண்ணீரும் இல்லை. ஆளுக்கு இரண்டு லிட்டர் தூக்கிக்கொள்ளுங்கள். காற்று ஏழைத் தாண்டினால் அன்று போகவே வேண்டாம், ஒரு பக்கம் செங்குத்துப் பள்ளம். தோளும் முழங்காலும் மூடிய உடை. செப்டம்பர் 8 மாதா பிறந்தநாள். முந்தின நாளே ஊர் முழுக்க மடத்தில் கூடிவிடும். பூசை, சாப்பாடு, வயலினும் லவுத்தோ என்ற நரம்பு வாத்தியமும், விடிய விடிய ஆட்டம். நான் செப்டம்பர் கட்சி என்றது இதற்குத்தான். வட்டத்தில் யாராவது கையைப் பிடித்து இழுத்தால் சேர்ந்துகொள்ளுங்கள், ஆனால் வட்டத்தின் வால் பக்கம். முன்னால் நின்று ஆட்டத்தை நடத்துகிறவரின் இடத்துக்குப் போகாதீர்கள்.

13. கடற்கரைகளைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன், நீங்களே கண்டுபிடிப்பீர்கள். துறைமுகத்துக்குப் பக்கத்தில் கிளிசீதி, தள்ளிப் போனால் நீளமான ருக்குனாஸ். தெற்குக் கரையோரமாகவே ஒற்றையடிப் பாதை போகிறது. சிலர் துணியில்லாமல் குளிப்பார்கள். பார்த்தும் பாராமல் நடந்துவிடுங்கள், போனைப் பையை விட்டு எடுக்காதீர்கள். காட்டு வழியில் ஆட்டுக் கதவு மூடியிருந்தால் போன பிறகு மூடுங்கள், திறந்திருந்தால் திறந்தே விடுங்கள். கோடையில் பீடி, சிகரெட் நெருப்பு ஒன்று போதும், தைமும் முள்ளும் பெட்ரோல் மாதிரிப் பற்றும்.

14. எதையும் பொறுக்காதீர்கள். கடற்கரைக் கூழாங்கல்லை எடுத்துப் போவதும் அங்கே சட்டப்படி தவறு. கஸ்தெல்லிக் குன்றில் பழைய நகரத்தின் இடிபாடுகள் இருக்கின்றன. காலில் பானை ஓடு தட்டுப்படும். கீழடியில் தட்டுப்பட்டால் என்ன செய்வீர்களோ அதையே செய்யுங்கள். பார்த்துவிட்டு இருந்த இடத்திலேயே விடுங்கள். தொல்பொருள் விஷயத்தில் கிரேக்கச் சட்டம் விளையாட்டல்ல.

15. ஊரில் ஒரு சின்ன மருத்துவ நிலையம் உண்டு. இருப்பவர் பெரும்பாலும் இப்போதுதான் படிப்பை முடித்த இளம் மருத்துவர். கிராமச் சேவை செய்ய வந்தவர். பெரிதாக ஏதாவது என்றால் ஹெலிகாப்டரோ கடலோரக் காவல் படகோ வர வேண்டும், அதற்கும் காற்று ஒத்துழைக்க வேண்டும். அவசர எண் 112. வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரையை ஒரு வாரத்துக்குக் கூடுதலாக எடுத்துப் போங்கள். இதய நோய் உள்ளவர்கள், பிரசவ நாள் நெருங்கியவர்கள் வேறு தீவு பாருங்கள்.

16. மூன்றாம் நாள் சலிப்பு வரும். வராமல் இருக்காது. பார்க்க வேண்டியதைப் பார்த்தாயிற்று, கப்பல் இன்னும் இரண்டு நாள் கழித்துத்தான். அப்போது ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். 1920களிலிருந்தே கிரேக்க அரசு தனக்கு வேண்டாதவர்களை இந்தத் தீவுக்கும் ஒதுக்கி அனுப்பியது. 1936இல் மெதக்ஸாஸின் சர்வாதிகாரம் வந்த பிறகு அரசியல் கைதிகள் நூற்றுக்கணக்கில் வந்தார்கள், பெரும்பாலும் கம்யூனிஸ்டுகள். சுவரோ கம்பியோ தேவைப்படவில்லை, கப்பல் குறைவாக வந்ததே போதுமானதாக இருந்தது. அவர்கள் கூட்டுச் சமையல் வைத்து, காசைப் பொதுவில் போட்டு, ஒருவருக்கொருவர் பாடம் நடத்தி நாளைத் தள்ளினார்கள். ஜெர்மானிய, இத்தாலிய ஆக்கிரமிப்புக் காலத்தில் பட்டினியில் மாண்டவர்களும் உண்டு. 1966இல் ஆய்வுக்காக இங்கே வந்து தங்கிய மானுடவியலாளர் மார்கரெட் கென்னா, பிற்காலத்தில் அந்தக் கைதிகளின் வாழ்க்கையைப் பற்றித் தனி நூலே எழுதினார். நாம் காசு கொடுத்துத் தேடி வருகிற அமைதியும் அவர்களைப் பூட்டி வைத்த அமைதியும் ஒரே கப்பல் அட்டவணையிலிருந்து வந்தவை. ஊர்க் கிழவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். ஆனால் முதல் காபியிலேயே கேட்காதீர்கள்.

17. ஏதென்ஸில் அந்த இரண்டு நாள் இருக்கப்போகிறீர்கள் அல்லவா, அக்ரோபோலிஸ் பாறையின் வடகிழக்குச் சரிவில் அனாஃபியோத்திக்கா என்ற இடத்துக்குப் போங்கள். 19ஆம் நூற்றாண்டில் ஓட்டோ மன்னருக்கு அரண்மனை கட்ட அனாஃபியிலிருந்து கொத்தனார்கள் வந்தார்கள். தங்குவதற்குத் தங்கள் ஊர் மாதிரியே சின்னச் சின்ன வெள்ளை வீடுகளைப் பாறையோரத்தில் கட்டிக்கொண்டார்கள். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய சந்து. தீவுக்குப் போகுமுன் பார்த்தால் அழகான மூலை என்று போய்விடுவீர்கள். போய் வந்த பிறகு பாருங்கள். வாசல்படியின் உயரம், மல்லிச் செடி வைத்த எண்ணெய்த் தகரம், கதவு திறக்கும் பக்கம் வரை அடையாளம் தெரியும். அங்கேயும் ஆட்கள் குடியிருக்கிறார்கள், ஜன்னலுக்குள் எட்டிப் பார்க்காதீர்கள்.

18. கிளம்பும்போது வீட்டுக்கார அம்மா ஏதாவது கையில் திணிப்பார். எங்களுக்குத் தைம் தேன், ஒரு பெரிய போத்தல். காசு கொடுக்கப் போகாதீர்கள், மனம் நோகும். முதல் நாளே நீங்கள் இங்கிருந்து எதையாவது கொண்டுபோய்க் கொடுத்திருந்தால் கணக்கு சரியாகிவிடும்; நாங்கள் மக்ரூன் கொண்டுபோனோம். முந்திரி போட்டது என்று விளக்குவதற்குள் டப்பா காலி.

தேன் விஷயத்தில் மட்டும் கவனம். விமானத்தில் தேனும் திரவக் கணக்குதான். பல விமான நிலையங்களில் 100 மில்லிக்கு மேல் கைப்பையில் விட மாட்டார்கள், பெரிய பெட்டியில் துணி சுற்றி வைத்து அனுப்பிவிடுங்கள். திரும்பி வரும் வழியில் ஒரு விமான நிலையத்தில் சோதனைக்காரர் எங்கள் போத்தலைத் தூக்கிக் குப்பைத் தொட்டியைக் காட்டினார். என் மனைவி போத்தலை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, வரிசையை விட்டு வெளியே வந்து, பெஞ்சில் உட்கார்ந்து, பையிலிருந்த ரொட்டியை எடுத்தாள். நாங்கள் இரண்டு பேருமாக முக்கால் போத்தலைக் காலி செய்தோம். மீதியைப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பிள்ளைத்தாய்ச்சியிடம் கொடுத்தோம். அவள் விரலாலேயே வழித்துச் சாப்பிட்டாள்.